மூலையில் ஒரு பச்சைப் பொட்டு

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக ஒரு படம் இருக்கும். வயர்லெஸ் இணைப்பு இருக்கிறதா, இல்லையா என்று அது சொல்லும். அந்தப் படத்தை வரைவதுதான் அப்போது என் வேலை. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தில், கீழே ஸ்பிரிங் செய்கிற பட்டறை, மேலே நாங்கள். வெளிநாட்டில் விற்கும், கம்ப்யூட்டரில் செருகுகிற வயர்லெஸ் கார்டுகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் புரோகிராம் எழுதினார்கள். நான் மட்டும் படம் வரைந்தேன்.

“எம் பொண்ணு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெக்கிற உத்தியோகம் பாக்கறா” என்று அம்மா ராயக்கோட்டைத் தக்காளி கொண்டுவருகிற அம்மாளிடம் சொல்வாள். அந்த அம்மாளும் அது ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்து எனக்கு மரியாதையாக வழிவிடுவார். எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும் என்பது வேறு விஷயம். நிதானமாக யோசித்தால் அம்மா சொன்னதில் தப்பில்லை. முகத்தில் பொட்டு எவ்வளவு சிறியது, அது இல்லையென்றால் பார்க்கிறவர்களுக்கு என்னவெல்லாம் தோன்றிவிடுகிறது! என் படமும் அப்படித்தான்.

சாதாரண ஜனங்கள் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும், இதுதான் எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. செல்போன் வந்த பிறகு எல்லாருக்கும் ஏறுவரிசைக் கோடுகள் பழகிவிட்டன. “டவர் இருக்குதா?” என்று கேட்கத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. ஆனால் எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற ஊர். மொட்டைமாடியில் வடக்குப் பக்கம் நின்றால் கோடு முழுசாக நிற்கும். பேசி முடித்த பிறகுதான் தெரியும், அது கர்நாடகா டவர், பணத்தை ரோமிங் தின்றுவிட்டது என்று. கோடு பொய் சொல்லவில்லை. டவர் இருந்தது, நம்முடையதாக இல்லை, அவ்வளவுதான். கேட்காத கேள்விக்குச் சரியான பதில் சொல்கிற படம், கேட்ட கேள்விக்குத் தப்பான பதில் சொல்கிற படத்தைவிட ஆபத்தானது. இதை நான் அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் யூனிட் தலைவர் பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்து போவார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அவரோடு நான் பல வாரம் மல்லுக்கு நின்ற விஷயம் பச்சை நிறம்.

வயர்லெஸ்ஸில் இரண்டு தூரம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் மோடம் பெட்டி வரை ஒரு தூரம். அந்தப் பெட்டியிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக வெளி உலகம் வரை இன்னொரு தூரம். எங்கள் படம் முதல் தூரம் சரியாக இருந்தாலே பச்சையாகிவிடும். வெளியே கம்பி அறுந்து கிடந்தாலும் பச்சைதான். வீட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லலாமா என்று கேட்டேன்.

“நம்ம வேலை பெட்டி வரைக்கும்தாம்மா” என்றார் அவர். “அதுக்கு மேல போன்காரங்க வேலை. வெளிய லைன் போனதுக்கு நாம சிவப்பு காட்டினா, கார்டு கெட்டுப்போச்சுன்னு ஜனங்க நம்மளைத்தான் திட்டுவாங்க. வாங்குறவங்களே பச்சை போதும்னு சொல்லிட்டாங்க. விடுங்க.”

விட்டேன். பச்சையாகவே வரைந்தேன். அழகாகத்தான் இருந்தது. முதல் பிரதியை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டேன். சாதாரண ஜனங்கள் என்று எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும்தான்.

அப்பாவுக்குக் கல்லாவிப் பக்கம் மானாவாரி நிலம் இருந்தது. மழையை நம்பிப் பிழைக்க முடியாமல், ஓசூரில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்திலேயே வந்து சேர்ந்தவர். வேலைக்காலம் முழுவதும் மெஷின் ஷாப். அங்கே ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒரு விளக்குக் கம்பம் இருக்கும். பச்சை எரிந்தால் ஓடுகிறது. மஞ்சள் எரிந்தால் சரக்கு தீர்ந்தது. சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. சிவப்பு வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. வைத்த ஒருவருக்கு அப்பாவின் கண்ணெதிரே விரல்கள் போயின. அதற்குப் பிறகு அப்பாவுக்கு அது சட்டமாக இல்லை, உடம்பிலேயே ஊறிவிட்டது. வீட்டில் மிக்ஸி ஓடும்போதுகூட இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வாஷிங் மெஷின் வாங்கிய நாளில், அது துவைத்து முடிக்கும்வரை அதன் முன்னால் அப்படியே நின்றார். “சாமி புறப்பாடு பாக்கற மாதிரி நிக்கறாரு பாரு” என்று அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் பச்சையைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஒரே திருப்தி. “இது நம்ம லைட்டுதானே பாப்பா” என்றார். நான் பெருமைப்பட்டேன். சொல்லாமலேயே புரிந்துவிட்டதே!

கம்ப்யூட்டர் வாங்கியதே தம்பிக்காகத்தான். அவன் அமெரிக்காவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் திரையில் அவன் முகம் வரும். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம், உட்கார்ந்தால் காலாட்டிக்கொண்டே இருப்பான். கால் திரையில் தெரியாது. தோள்பட்டை தெரியும், அது சதா துள்ளிக்கொண்டிருக்கும். அம்மாவின் முதல் வார்த்தை எப்போதும் அதுதான்.

“காலாட்டாதடா. குடும்பத்துக்கு ஆவாது.”

“ஆட்டலம்மா” என்பான். தோள் துள்ளிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே முற்றியிருந்தது. பெங்களூரில் மருந்து ஏற்ற ஆரம்பித்தோம். அப்பாவும் நானும் மாறி மாறி அத்திப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் அழைத்துப் போய் வந்தோம். திரும்பும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்குவாள். தூங்கிய பிறகு நான் அழுவேன். அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

தம்பி அப்போது ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறியிருந்தான். விசா தாள்கள் நடுவில் நின்றன. அங்கே ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம். இப்போது ஊருக்கு வந்தால் மறுபடியும் உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம் என்று அவனே சொல்லியிருந்தான். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு விஷயம் தெரியக் கூடாது. தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பான். அப்புறம் அவன் பிழைப்பு என்ன ஆவது?

நான் சண்டை போட்டேன். அவனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்று கத்தினேன்.  அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். முடி கொட்டி முடிந்திருந்த தலை. வெதுவெதுப்பாக இருந்தது.

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்றாள்.

பண்ணினேன். அந்தத் தலையில் கையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நாடகமாகிவிட்டன. அம்மா முகத்தில் பவுடர் போட்டுக்கொள்வாள். பொட்டைப் பெரிதாக வைத்துக்கொள்வாள். தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். “எண்ண தேச்சிருக்கேன்டா, குளிக்கணும்” என்பாள். வாரா வாரம் எண்ணெய். தம்பி நம்பினான். பெற்ற பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வரும். தெரியக் கூடாது என்று பாடுபடுவதும் நாங்கள்தான். பேச்சு முடிந்து திரை அணைந்ததும் அம்மா நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொள்வாள். படுக்கைக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இல்லை. வேலை ஒன்றை முடித்து அனுப்ப வேண்டியிருந்ததால் அலுவலகம் போயிருந்தேன். பதினோரு மணிவாக்கில் தம்பி என் செல்லுக்குக் கூப்பிட்டான்.

“அக்கா, பேசிக்கிட்டே இருந்தோம், லைன் போயிடுச்சு. வீட்டு போனும் அடிக்க மாட்டேங்குது. என்னன்னு பாரேன்.”

எங்கள் தெரு முனையில் சாலையை அகலப்படுத்தக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் போகும்போதே பார்த்திருந்தேன். கேபிளை வெட்டிவிட்டார்கள் என்று உடனே புரிந்தது. அப்பாவின் செல்லுக்குப் போட்டு, லைன் இருக்குதா என்று கேட்டேன்.

“பச்சையாத்தான் இருக்குது பாப்பா” என்றார்.

“பச்சையா இருந்தாலும் வெளிய லைன் இல்லப்பா. அங்க தெரியறது கடைசியா வந்த படம். அப்படியே நின்னுடுச்சு. அம்மா பேசறது அவனுக்குக் கேக்காது. எல்லாத்தையும் ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. இல்லன்னா தம்பியை உங்க செல்லுக்குக் கூப்பிடச் சொல்றேன், அம்மாகிட்டக் குடுங்க.”

 பின்னால் அம்மாவின் குரல் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. வார்த்தை புரியவில்லை.

“பச்ச எரியுதில்ல? ஓடற மெஷின்ல கை வெக்கக் கூடாது பாப்பா” என்றார் அப்பா. வைத்துவிட்டார்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. தம்பியும் போட்டிருக்கிறான், எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மேஜையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. ஊர் ஜனங்களுக்கெல்லாம் இணைப்பு இருக்கிறதா என்று சொல்ல நான் படம் வரைகிறேன், என் வீட்டில் அறுந்த கம்பியின் முன்னால் என் தாய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா படுத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. வலி இல்லாத நாட்களில்கூட அப்படி இருந்ததில்லை.

“இன்னிக்குத்தான் அவங்கூட நல்லாப் பேசினேன்” என்றாள்.

 நீ பேசியது வெறும் படத்தோடு என்று சொல்ல முடியுமா? “சந்தோஷம்மா” என்றேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வாரத்தின் நடுவில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், உடலாகத்தான் திரும்பக் கொண்டுவந்தோம்.

தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பால் தெளிக்கத்தான் அவனுக்குக் கிடைத்தது. வீட்டு வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தான். “ஏங்க்கா சொல்லல?” என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு காரியம் முடிந்து கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை. வேலையை ஒன்றும் இழந்துவிடவில்லை, பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை, விசா வந்தது, திரும்பிப் போனான். அதுதான் என்னை அதிகமாக வதைத்தது. வந்திருக்கலாம். அம்மா பயந்தது நடக்கவே இல்லை. இருக்கும்போதே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அப்பாமேல் பட்டேன். பச்சையாம், ஓடுகிற மெஷினாம். வாழ்நாள் முழுவதும் மெஷினுக்குப் பயந்த மனிதர், அம்மாவுக்கும் தம்பிக்கும் இருந்த கடைசிப் பேச்சைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அதைவிடவும் அந்தப் பச்சைமேல் கோபப்பட்டேன். அலுவலகத்தில் மறுபடி சண்டை பிடித்தேன். இந்த முறை குரலை உயர்த்தினேன். என் அம்மா செத்த கதையைச் சொல்லவில்லை, ஆனால் யூனிட் தலைவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டார். வாங்குகிறவர்களிடமிருந்தும் புகார்கள் வந்திருந்தன, பச்சை காட்டுகிறது, ஒன்றும் வேலை செய்யவில்லை என்று. “சரி, நீங்க சொல்ற மாதிரியே வரையுங்க” என்றார்.

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த வேலை என்றால் அதுதான். ஒரு சின்ன வீடு, பக்கத்தில் ஒரு உருண்டை, நடுவில் ஒரு கோடு. வீட்டுக்குள் மட்டும் இணைப்பு இருந்தால் வீடு பச்சை, உருண்டை சாம்பல், கோடு அறுந்து நிற்கும். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நிறம் தெரியாதவருக்கும் கோடு அறுந்தது தெரியும். அதன்மேல் மவுஸின் அம்புக்குறியை வைத்தால் ஒரு வரி வரும். “வெளியே இணைப்பு இல்லை.” எங்கள் வீட்டுப் பிரதிக்கு மட்டும் அந்த வரியைத் தமிழில் எழுதினேன்.

பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தம்பி அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசத் தொடங்கியிருந்தான். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

“நகருங்கப்பா. அந்தப் பச்சையை எடுத்துட்டுப் புதுசு போடறேன்.”

“வேண்டாம் பாப்பா.”

“இது பொய் சொல்லாதுப்பா. அன்னிக்கு இது இருந்திருந்தா அம்மா அந்த மாதிரி ஏமாந்திருக்க மாட்டா.” சொல்லக் கூடாது என்று அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வந்துவிட்டது. “செத்த படத்துகிட்டப் பேசிட்டுப் போயிட்டா. நீங்களாவது அந்தப் பெட்டியத் தொட்டிருக்கலாம்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏமாறல” என்றார். “அவளுக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தம்பி சிரிச்சாப்பல நின்னுட்டான். தோளு ஆடல. நான் கவனிக்கல, பச்ச எரியுதுன்னு சும்மா இருந்தேன். அவதான் சொன்னா, ‘காலாட்டறத நிறுத்திட்டான் பாருங்க, லைன் போயிருச்சு’ன்னு. பெட்டிய ஆஃப் பண்ணட்டுமான்னு கேட்டேன். தொடாதீங்கன்னா. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னா.”

“அப்புறம்?” என்றேன்.

“அந்தத் துண்ட அவிழ்த்தா பாப்பா. தலைய நல்லாக் காட்டினா அவனுக்கு. ‘பாருடா, திருப்பதிக்குப் போவாமயே உங்கம்மா மொட்டையாயிட்டா’ன்னா. வயித்துல இருக்கறது, பெங்களூர் போறது, நீ பஸ்ல அழுவறது, எல்லாத்தையும் சொன்னா. நான் கதவுக்குப் பின்னாடி போயிட்டேன். அப்பத்தான் நீ போன் பண்ணின. உங்கிட்ட என்னத்தச் சொல்ல? வாய்ல வந்ததச் சொல்லி வெச்சிட்டேன். அப்புறம் தம்பி அடிச்சான், எடுக்கல. எடுத்தா அவ மறுபடியும் துண்டக் கட்டிக்கணும்.”

 பிறகு, கல்லாவியில் நிலத்தை விற்ற அன்றுகூட நான் கேட்டிராத குரலில் சொன்னார்.

“கடைசியா, ‘வந்துருடா சாமி, ஒருதரம் வந்து பாத்துட்டுப் போடா’ன்னா. திருப்பித் திருப்பி அதையே சொன்னா. அவனுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சதாலதான் சொன்னா. கேட்டா வந்துருவானே.”

 தரையிலேயே உட்கார்ந்தேன். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. வர வேண்டாம், வர வேண்டாம் என்றுதான் எங்களிடம் சொன்னாள், என் கையைத் தலையில் வைத்துச் சொன்னாள். அவள் மனதில் இருந்ததைச் சொல்ல அறுந்த கம்பிதான் கிடைத்தது.

“தம்பிகிட்டச் சொல்லிறாத” என்றார் அப்பா. “இது இங்கியே இருக்கட்டும். அவ பாத்த பச்ச இது.”

பென் டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒழுங்காகச் செய்த அந்த வேலை கடல் தாண்டி எங்கெங்கோ போனது, எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தம்பி திரையில் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. “சாப்டியாக்கா?” என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம் அங்கே பனி கொட்டுவதைப் பற்றி அப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தோள் துள்ளிக்கொண்டே இருந்தது. அப்பாவும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காலாட்டாதே என்று யாரும் சொல்லவில்லை.